சேரும் என்று எழுதிய சீட்டு

சென்னை
11-10-1964

ஜானகிக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் கசக்கி எறிந்துவிடாதே. இரண்டு நிமிஷம் பொறுத்துப் படி. படித்த பிறகு கிழித்தாலும் சரி.

நைனா போன வாரம் ஒரு கார்டு போட்டிருந்தார். உனக்கு ஐந்து மாதம் என்று அதில் ஒரு வரி இருந்தது. மழை இல்லை என்பதற்கும் கறவை மாட்டை விற்றாகிவிட்டது என்பதற்கும் நடுவில் எழுதியிருந்தார். அந்தக் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக அலைகிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் ரத்தம் கொஞ்சம் எனக்கு வேண்டும். ஒரு டீஸ்பூன் அளவு போதும். செஞ்சி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வீராசாமி இருக்கிறார். அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஊசியில் எடுத்துச் சின்னக் குப்பியில் அடைத்துத் தருவார். சென்னை பஸ்ஸின் கண்டக்டர் பச்சைமுத்து என்னோடு படித்தவன். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து அவனிடம் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் என் கைக்கு வந்துவிடும். குழந்தை கோதைக்கும் விரல் நுனியில் குத்திக் கொஞ்சம் எடுத்தால் நல்லது. முடிந்தால் போதும்.

எதற்கு என்று இப்போது கேட்காதே. ஒரு பரிசோதனை. எங்கள் டாக்டரம்மா குடும்பத்தில் எல்லாருக்கும் பார்க்கச் சொல்கிறார். மாமாவிடம் சொல்ல வேண்டாம். சத்து ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ.

குழந்தைக்கு நடை வந்துவிட்டதா?

கோதண்டராமன்


சிங்கவரம்
18-10-1964

அண்ணனுக்கு ஜானகி எழுதுவது.

கிழிக்கவில்லை. நாலு தடவை படித்தேன். பதினாலு மாதம் கழித்துத் தங்கைக்குக் கடிதம் எழுதுகிறவன் என்னவெல்லாம் எழுதுவான் என்று ஆசையாகப் பிரித்தேன் தெரியுமா. ஒரு டீஸ்பூன் ரத்தம் வேண்டுமாம். ரொம்ப நல்ல அண்ணன்.

நீ மறந்திருப்பாய், நான் ஞாபகப்படுத்துகிறேன். அக்கா கருமாதி முடிந்து மூணாம் மாதம் எனக்கும் செல்லப்பன் மாமாவுக்கும் கல்யாணம். திண்டிவனத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்த கடுதாசி இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நைனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வெளியிலேர்ந்து ஒருத்திய கூட்டியாந்தா ஆண்டாளோட கொழந்தைய அவ பாப்பாளா, நீயே சொல்லு." நான் என்ன சொல்வேன். குழந்தை என் மடியில் இருந்தது. மாமாவை ஒரு குறை சொல்ல மாட்டேன். அவரும் வாயைத் திறக்காமல்தான் தாலி கட்டினார். இன்றைக்கும் சில நாள் என்னை ஆண்டாள் என்று கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். நான் காதில் விழாத மாதிரி போய்விடுவேன்.

அந்தக் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. லீவு இல்லை என்று தந்தி அடித்தாய். அக்காவின் வருஷத் திதிக்கும் வரவில்லை. அதற்குத் தந்திகூட இல்லை.

அக்காவைப் பட்டணத்துக்குக் கூட்டிப் போனது நீ. செஞ்சியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா சொன்னார். "ரத்தம் கித்தம் வேணும்னா நான் பக்கத்துலயே இருக்கேன், இங்க இன்னா இருக்குது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாய். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான். ரத்தப் பாட்டில் ஏறிப் பத்து நிமிஷத்தில் குளுருதுடி என்றாள். என் மாற்றுப் புடவையையும் எடுத்துப் போர்த்தினேன். அப்புறம், "இடுப்பு ஒடியுதுடி ஜானு, யாரையாவது கூப்புடு" என்றாள். உன்னைத்தான் ஓடி வந்து கூப்பிட்டேன். நீ வாசலில் நின்றபடியே, பிரசவ வலி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். மூணாம் நாள் அவள் உடம்பைப் பிளஷர் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

இப்போது என் ரத்தம் எதற்கு? சொல்லாமல் ஒரு சொட்டு தர மாட்டேன். மாமாவிடம் பொய் சொல்லச் சொல்லி இனிமேல் எனக்கு எழுதாதே.

குழந்தை நடக்கிறாள். விழுந்தால் அழுவதில்லை. என்னை அம்மா என்கிறாள்.

ஜானகி


சென்னை
25-10-1964

ஜானகிக்கு,

சொல்லாமல் கேட்டது தப்புதான். சொல்கிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும் என்ன குரூப் என்று பார்த்துச் சீட்டு எழுதுவது. போன மாதம் கூடூரிலிருந்து ஒரு அம்மாள் ஆபரேஷனுக்காக வந்து சேர்ந்தார். நான்தான் பார்த்து ஓ குரூப் என்று எழுதினேன். ஆனால் ஓ ரத்தத்தை எடுத்து அந்த அம்மாளின் ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரோடு கலந்தால், பால் திரிகிற மாதிரி திரிந்துவிட்டது. ஓவுக்கு ஓ திரியவே கூடாது. புதிதாக வந்திருக்கும் டாக்டர் சாரதா பிடிவாதக்காரர். ஆபரேஷனைத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் உள்ள ஓ குரூப்காரர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினார். படிக்கிற பையன்கள், வார்டு ஆட்கள், தோட்டக்காரர், கேன்டீனில் இட்லி ஊற்றுகிறவர் என்று அறுபத்து மூன்று பேர். அறுபத்து மூன்று குழாயும் திரிந்தது. ஒரே ஒரு குழாய்தான் தெளிவாக இருந்தது. அது வரிசையில் சேராதது. நான் ஓரமாக வைத்திருந்தது.

அது என்ன குழாய் என்று சொல்ல வேண்டும். சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, நிச்சயமாகத் தெரிந்த ஓ ரத்தம் தினமும் ஒரு சொட்டு வேண்டும். அதற்காகக் காலையில் யாரையாவது பிடித்துக் கெஞ்ச வேண்டியிருக்கும். எதற்கு வம்பு என்று ஏழு வருஷமாக நான் என் விரலையே குத்திக்கொள்வேன். என் ரத்தம் யாரோடும் சண்டைக்குப் போகாத ரத்தம் என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"இந்தக் குழாயில இருக்கிறது யாரோட ரத்தம்?" என்று டாக்டர் கேட்டார். என்னுடையது என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

என் ரத்தம் ஓ இல்லை, ஜானகி. பார்வைக்கு ஓ மாதிரி இருக்கும் வேறொன்று. முதலில் பம்பாயில் கண்டுபிடித்ததால் பம்பாய் குரூப் என்கிறார்கள். மிகச் சில பேருக்குத்தான் இருக்கும். மற்ற எல்லா ரத்தத்திலும், ஓவில்கூட, ஒரு பொருள் இருக்கிறது. எங்களுக்கு அது கிடையாது. அதனால் ஓ ரத்தம் ஏற்றினாலும் உடம்பு அதை விஷம் என்று நினைத்து உடைத்துப் போடும். ஏற்றிக்கொண்ட ஆளுக்குக் குளிரும். இடுப்பு வலிக்கும். சிறுநீர் கறுத்துப் போகும். நீ எழுதிய வரிகளை டாக்டரிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பேஷன்ட் யார் என்று கேட்டார். என் அக்கா என்றேன்.

சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் இது வர வாய்ப்பு அதிகமாம். நைனா கட்டியது அவருடைய அக்கா மகளை. நம் அக்கா வாழ்க்கைப்பட்டது அம்மாவின் தம்பிக்கு. இப்போது நீயும் அங்கேயே.

அக்காவுக்கும் என் குரூப்தான் இருந்திருக்கிறது. அன்றைக்கும் ஒப்புப் பார்க்க நான் வைத்தது என் ரத்தம். இரண்டும் ஒன்று என்பதால் திரியவில்லை. ஓ என்று எழுதினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பான். உனக்கும் இது இருந்தால், பிப்ரவரியில் உனக்கு ரத்தப்போக்கு வந்தால், செஞ்சியில் ஓ ஏற்றிவிடுவார்கள். அதை நினைத்தால் எனக்கு வேலை ஓடவில்லை. குப்பியை அனுப்பு.

கோதண்டராமன்


சிங்கவரம்
7-11-1964

அண்ணனுக்கு,

தீபாவளி கழித்து மறுநாள் மாமாவோடு சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணன் பட்டணத்தில் சோதனை செய்யக் கேட்கிறது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். வேறு கேட்கவில்லை. கம்பவுண்டர் வீராசாமிக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னாம்மா, மெட்ராஸ்ல ரத்தம் தீந்துபோச்சா, செஞ்சிலேர்ந்து அனுப்பச் சொல்றாரு உங்க அண்ணன்?" என்று சிரித்துக்கொண்டே குத்தினார். கோதை ஊரைக் கூட்டிவிட்டாள். பச்சைமுத்து பிளாஸ்க்கை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

உன் கடிதத்தை நான் முட்டாள்தனமாகப் படிக்கவில்லை. எட்டாவதோடு நின்றவள் இல்லை நான், எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவள். ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல்.

முந்தின வருஷம் பொங்கலுக்கு வந்தபோது நடுவீட்டில் உட்கார்ந்து பெருமை அடித்தாயே. குரூப் எழுதுவதோடு வேலை முடியாது, பாட்டிலில் இருப்பதையும் நோயாளியுடையதையும் கலந்து அரைமணி நேரம் வைத்துப் பார்ப்பேன், நான் சேரும் என்று சீட்டில் கையெழுத்துப் போடாமல் ஒரு பாட்டில் அந்த ரூமை விட்டு அசையாது என்றாய். அக்கா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். கூடூர் அம்மாளுக்குத் திரிந்தது என்றால் அக்காவுக்கும் திரிந்திருக்க வேண்டும். இல்லையா? அன்றைக்குக் கலந்து பார்த்தாயா, பார்க்கவில்லையா?

யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பான் என்று எழுதுகிறாய். யாரோ எழுதவில்லையே. நீதானே எழுதினாய்.

ஜானகி


சென்னை
16-11-1964

ஜானகிக்கு,

பிளாஸ்க் பத்திரமாக வந்தது. மூன்று நாளில் மூன்று தடவை நான் பார்த்தேன். நாலாவது தடவை டாக்டர் சாரதா தன் கையால் பார்த்தார். உனக்கும் அதேதான். கோதைக்கும் அதேதான். குழந்தையுடையதை மட்டும் இன்னொரு முறை பாருங்கள் என்று கெஞ்சினேன். பார்த்தார். மாறவில்லை.

செஞ்சியிலோ விழுப்புரத்திலோ யார் பார்த்தாலும் உனக்கு ஓ என்றுதான் எழுதுவார்கள். விடாதே. சண்டை போடு. டாக்டர் சாரதாவோடு படித்த லேடி டாக்டர் ஒருவர் திண்டிவனத்தில் நர்சிங் ஹோம் வைத்திருக்கிறார். அவருக்கு எல்லாம் விவரமாக எழுதியாகிவிட்டது. பிப்ரவரி பிறந்ததும் அங்கே வந்துவிடு. நானும் வந்து பக்கத்தில் தங்கிக்கொள்கிறேன். வேண்டுமென்றால் என் கையிலிருந்து எடுத்து நேரே உனக்கு ஏற்றிவிடுவார்கள். நமக்குத் தெரிந்து கொடுக்கிற நிலையில் வேறு ஆள் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

கலந்து பார்த்தேன். லேபர் வார்டு ஆயா வாசலில் நின்று "சீக்கிரம் குடுங்க சார், அங்க ரத்தம் நிக்கவே மாட்டேங்குது" என்று கத்திக்கொண்டிருந்தாள். முதல் பாட்டில் திரிந்தது. குழாய் அழுக்கு என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டிலும் திரிந்தது. பக்கத்தில் என் ரத்தம் வைத்த குழாய் தெளிவாக இருந்தது. என்னுடையது சேர்கிறது, ஆகவே அவள் ஓ, ஆகவே கோளாறு பாட்டில்களில்தான் என்று முடிவு கட்டினேன். மூன்றாவது பாட்டிலைக் கலந்து வைத்தேன். பார்க்கவில்லை. அதுவும் திரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். சேரும் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆயாவிடம் பாட்டிலைக் கொடுத்தேன்.

பாட்டில் போன பிறகு குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். திரிந்திருந்தது. அதைக் கழுவிவிட்டேன்.

நீ வந்து கூப்பிட்டபோது எனக்குத் தெரியும், ஜானகி. ஏறியது கொஞ்சம்தான். ஓடிப் போய் ஊசியைப் பிடுங்கியிருக்கலாம். போனால் என் கையெழுத்து பொய் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு நின்றேன். என்னுடையது சேர்கிறதே, என் கையிலிருந்தே எடுங்கள் என்று சொல்லவும் தோன்றவில்லை. அவளுக்குச் சேரும் என்று அன்றைக்குத் தெரிந்த ரத்தம் அந்தக் கட்டடத்தில் ஒருத்தன் உடம்பில்தான் இருந்தது. அவன் குழாய் கழுவிக்கொண்டிருந்தான்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கோதண்டராமன்


சிங்கவரம்
20-12-1964

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான், மாமாவிடம் காட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஒரு மாதமாக நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மாசமாக இருக்கிறவள் அப்படித்தான் இருப்பாள் என்று விட்டுவிட்டார்கள். விதைக் கடலைக்கு மல்லாட்டை உடைக்க உட்கார்ந்தால் கை பாட்டுக்கு உடைக்கிறது. மனசு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நிற்கிறது. அன்றைக்கு நீ வாசலில் நின்று பேசியபோது உன் கை ஈரமாக இருந்தது. பேசிக்கொண்டே சட்டையில் துடைத்தாய். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்திருக்கிறாய், அக்கா அங்கே துடிக்கிறாள், இவனுக்குச் சாப்பாடு கேட்கிறது என்று அப்போது உன்மேல் கோபப்பட்டேன். நீ சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

உன் ரத்தம் எனக்கு வேண்டாம், இங்கேயே மருத்துவச்சி பவுனம்மாளை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன், செத்தால் சாகிறேன் என்று பத்து நாள் வீம்பாக இருந்தேன். ஒரு நாள் கோதைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாய்க்கு மூணு தரம் ஓடுகிறாள். நானும் போய்விட்டால் இவளுக்குச் சோறு ஊட்ட மூணாவதாக ஒருத்தியைப் பிடித்து வருவார்கள் என்று நினைத்தேன். வீம்பு போய்விட்டது.

திண்டிவனத்துக்கு வருகிறேன். ஆனால் ஒன்று. மாமா எதுவும் தெரியாமல் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மச்சான் வந்து உயிரைக் காப்பாத்தினான் என்று உன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவர் அப்படிப்பட்ட ஆள்தான், உனக்கே தெரியும். அதை என்னால் படுத்துக்கொண்டு பார்க்க முடியாது. நீ செஞ்சிக்கு வா. அவர் மூட்டை எடை போடும் மண்டியிலேயே அவரைப் பார். எனக்கு எழுதியதை அவர் முகத்துக்கு நேரே வாயால் சொல். கடிதத்தில் எழுதாதே. அதன் பிறகு அவர் போ என்றால் திண்டிவனம் போகிறேன். வேண்டாம் என்றால் இங்கேயே கிடக்கிறேன்.

வீட்டுக்கு வராதே. என்னைப் பார்க்காதே.

ஜானகி


சென்னை
29-12-1964

ஜானகிக்கு,

வருகிறேன். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. மாமா மண்டியில்தானே இருப்பார்?

எழுதிச் சொல்லிவிடட்டுமா என்று கேட்கத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். உனக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

டாக்டர் சாரதாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். விசாரணை வருமாம். அந்தச் சீட்டைப் பழைய கட்டிலிருந்து தேடி எடுத்து வந்து, இது உன் கையெழுத்தா என்று கேட்டார்கள். என்னுடையதுதான் என்றேன். அழகாக எழுதியிருந்தேன், ஜானகி. அவசரத்தில் எழுதிய மாதிரியே இல்லை.

மாமா வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி யோசித்து வை. என்மேல் உள்ள கோபத்தில் உன் உயிரோடு விளையாட வேண்டாம் என்று அவரிடம் நீயாவது சொல். காலில் விழுந்து கேட்கிறேன்.

கோதண்டராமன்


சிங்கவரம்
18-1-1965

அண்ணனுக்கு,

நீ மண்டியில் சொல்லிவிட்டுப் போனதை மூட்டை தூக்கும் தங்கராசு சொல்லித்தான் எனக்கு முழுசாகத் தெரியும். மாமா நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

நீ தராசுக்கு எதிரில் நின்றுகொண்டே சொன்னாயாம். மாமா உட்காரு என்றும் சொல்லவில்லையாம். நீ முடித்த பிறகு, "அவ்ளோதானா?" என்று கேட்டாராம். நீ அவ்வளவுதான் என்றாயாம். "சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு" என்றாராம். அதன் பிறகு அன்று முழுக்க உட்கார்ந்து வந்த மூட்டைகளை எடை போட்டாராம். "எதுனா திட்டுனா தேவலாம்னு இருந்துச்சிம்மா, பாக்கவே பயமா இருந்துச்சி" என்றான் தங்கராசு.

வீட்டுக்கு வந்து குளித்தார். சாப்பிடவில்லை. கோதையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மல்லாட்டைக் கொல்லை வரப்பிலேயே நடந்துகொண்டிருந்தார். மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "இத்தினி நாளா நான் சாமியத்தான் திட்டினு இருந்தேன் ஜானகி" என்றார். இத்தனை நாளில் அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா செத்த அன்றுகூட அவர் அழவில்லை.

பொங்கல் வைக்கவில்லை. அண்டை வீட்டில் கேட்டதற்கு எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டோம்.

நேற்றுத்தான் முடிவு சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "அவன் ரத்தம் ஒனக்கு வேணும். வாங்கிக்க. எனக்கு இன்னொரு தடவ தூக்கியாற தெம்பு இல்ல. ஆனா அவன் நம்ம வாசல்ல கால் வைக்கக் கூடாது."

பிப்ரவரி பத்தாம் தேதிக்கு மேல் திண்டிவனம் வருகிறோம்.

ஜானகி


திண்டிவனம்
13-2-1965

ஜானகிக்கு,

நான் வந்து இரண்டு நாள் ஆகிறது. பட்டணத்தில் இந்தி எதிர்ப்புக் கலவரம், பஸ்களை நிறுத்திவிட்டார்கள். செங்கல்பட்டு வரை ஒரு உப்பு லாரி, அப்புறம் கிடைத்த வண்டி, கொஞ்சம் நடை. அங்கேயும் பஸ் ஓடாது என்று நினைக்கிறேன். எப்படியாவது வந்துவிடுங்கள். மாமாவிடம் சொல்லி ஒரு பிளஷர் பேசிக்கொள்ளுங்கள்.

நர்சிங் ஹோமுக்கு எதிர்ச் சந்தில் ஒரு ரூம் எடுத்திருக்கிறேன். டாக்டரைப் பார்த்தேன். கேஸ் கட்டின் மேல் சிவப்பு மையில், ஓ ஏற்றக் கூடாது, அண்ணன் ரத்தம் மட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். நான் முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமுமாகத் தின்றுகொண்டிருக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இனிமேல் எனக்குச் சீட்டு எழுதும் வேலை இல்லை. விசாரணை முடியும் வரை பாட்டில் கழுவும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்று இருக்கிறேன். இதை உன்னிடம் இரக்கம் தேட எழுதவில்லை.

நீங்கள் உள்ளே போகும்போது நான் எதிரில் வர மாட்டேன். கூப்பிட்டால் மட்டும் வருவேன். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, முடியுமானால், எனக்கு ஒரு வார்த்தை சொல். நல்ல வார்த்தையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

கோதண்டராமன்


சிங்கவரம்
30-3-1965

அண்ணனுக்கு,

ஆண் குழந்தை. நன்றாக இருக்கிறான். கோதை அவன் மூக்கைப் பிடித்துத் திருகுகிறாள்.

எனக்கு நினைவு வந்தபோது தலைக்கு மேலே பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. குளிர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். வரவில்லை. இடுப்பைப் பார்த்தேன். வலிக்கவில்லை. சும்மா சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அழுதேன். பிழைத்துவிட்டோம் என்று நினைத்து அழவில்லை. அக்காவுக்கும் இப்படி ஒன்றுமே இல்லாமல் இறங்கியிருக்கும், இவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று தெரிந்துபோய்விட்டது.

நர்ஸ் எல்லாம் சொன்னாள். நீ ஒரு பாட்டில் கொடுத்த பிறகும் எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். இன்னொன்று எடுங்கள் என்று நீ சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றாயாம். டாக்டரம்மா திட்டிவிட்டு அரைப் பாட்டில் எடுத்தாராம். நீ வராந்தாவில் மயங்கி விழுந்தபோது மாமாதான் தூக்கி உட்கார வைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தார் என்றாள். மாமா என்னிடம் இதைச் சொல்லவே இல்லை. நானாகக் கேட்டேன். "ரோட்டுல எவன் உழுந்தாலும் தூக்கத்தான செய்வோம்" என்றார்.

கிளம்புகிற அன்று நீ ஜன்னல் பக்கம் வந்து நின்றாய். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தூங்கவில்லை. நீயும் அதைக் கண்டிருப்பாய்.

ஒரு வார்த்தை கேட்டாயே. மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூணு நாள் குழந்தை தூங்கும்போதெல்லாம் பேனாவோடு உட்கார்ந்தேன். வரவில்லை. என் உடம்பில் ஓடுவதில் பாதி உன்னுடையது. அதை வாங்கிக்கொண்டு இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. குளிரில் நடுங்கியவளை நான் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அண்ணா. நீ குழாயைக் கழுவினாய். என்ன செய்தாலும் அதைத் தாண்டி எனக்கு வர முடியவில்லை. வந்துவிட்டதாகப் பொய் எழுத மாட்டேன்.

ஆனால் எங்காவது போய்விடலாம் என்று எழுதினாயே, அது கூடாது. பாட்டில் கழுவச் சொன்னால் கழுவு. எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஒரு கார்டு போடு. நேரத்துக்குச் சாப்பிடு. காய்ச்சல் வந்தால் சும்மா இருந்துவிடாதே. கோதை வளர்ந்து ஒரு நாள் பிரசவத்துக்குப் படுப்பாள். அன்றைக்கு அவளுக்கு உன்னையும் என்னையும் விட்டால் ஆள் கிடையாது.

மாமா ஒன்று எழுதச் சொன்னார். கோதைக்கு விவரம் புரிகிற வயசு வந்ததும் நீ வர வேண்டும். அவள் அம்மா எப்படிச் செத்தாள் என்று மண்டியில் சொன்ன மாதிரியே அவளிடம் சொல்ல வேண்டும். அவரும் சொல்ல மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். அதற்குத்தான் உனக்கு இந்த வாசல். அதற்கு முன்னால் இல்லை.

நீ சொல்கிற அன்றைக்கு நான் அவளைப் பெற்றவள் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த நாள் வராமலே போகட்டும் என்றுதான் எனக்கு இருக்கிறது. ஆனாலும் நீ வந்து சொல்லத்தான் வேண்டும்.

அவளுக்கு இப்போது ஒண்ணரை வயசு. அதுவரைக்கும் உயிரோடு இரு.

ஜானகி